ஈரச் சுவருக்குப் பெயின்ட் விற்காதவர்

"சுவர் காஞ்சி ஈக்கா?"

மாத்தளை நகரத்து ஹாட்வெயார் கடை ஒன்றில், பெயின்ட் வாளிகள் அடுக்கிய மூலையில் நின்ற மனிதர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது. வாங்க என்று சொல்லவில்லை, என்ன வேணும் என்றும் கேட்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு கிழமை இருந்தது. வெளியே மழை விட்டபாடில்லை. கடைக்குள் குடையை மடக்கி வைக்கவும் இடமில்லாத கூட்டம். நான் வர்ண அட்டையில் இளம்பச்சையைத் தொட்டுக் காட்டி இரண்டு வாளி கேட்டதற்குத்தான் இந்தக் கேள்வி.

"என்னது?" என்றேன்.

"பூசப் போற சுவர் டீச்சர். காஞ்சி ஈக்கா, நனஞ்சி ஈக்கா?"

இருக்கா என்பதைத்தான் ஈக்கா என்றார். நான் டீச்சர் என்பதைச் சேலைக் கட்டைப் பார்த்தே கண்டுகொண்டிருப்பார். "வீட்டு முன் ஹோல்ல ஒரு பக்கம் ஊறிப்போய்க் கெடக்கு. பூசணம் புடிச்சிருக்கு. அதனாலதானே பெயின்ட் அடிக்கிறோம்" என்றேன்.

"அப்ப தர ஏலா."

வாங்க வந்தவள் நிற்கிறேன், சாமான் கண் முன்னால் இருக்கிறது, விற்பதற்கென்றே வேலைக்கு வைத்த ஆள் தர முடியாது என்கிறார். எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. அவரோ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஓரடிச் சதுரமாக வெட்டிய பொலித்தீன் துண்டு இரண்டையும் கொஞ்சம் டேப்பையும் எடுத்து நீட்டினார்.

"இத சுவத்துல வச்சி நாலு பக்கமும் காத்துப் போகாம ஒட்டுங்க. ரெண்டு நாள் கழிச்சிப் பாருங்க. பொலித்தீனுக்கு உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நிண்டா அது சுவர்ட தண்ணி. வெளிப்பக்கம் வேர்த்தா அது ரூம்ட ஈரம், யன்னலத் தொறந்து வைங்க. ரெண்டும் இல்லாட்டி வாங்க, நானே நல்ல கலரா எடுத்துத் தாறன்."

"தீவாளிக்கு இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு நானா" என்றேன். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"சுவத்துக்குத் தீவாளி தெரியாதே டீச்சர்."

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். நான் பொலித்தீனை மேசையிலேயே போட்டுவிட்டு, வீதியைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனேன். அங்கே சுவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தீபாவளியன்று எங்கள் ஹோல் பளபளவென்று இருந்தது. வந்தவர்கள் எல்லாம் கலரைப் பாராட்டிவிட்டு முறுக்குச் சாப்பிட்டுப் போனார்கள். தைப்பொங்கலுக்குள் அதே இடத்தில் பெயின்ட் அப்பளம் போல உப்பி, தோல் தோலாக உரிந்து விழுந்தது. உள்ளே பூஞ்சணம் முன்பைவிடக் கறுப்பாக, முன்பைவிட அகலமாகப் படர்ந்திருந்தது.

எங்கள் ஆட்களின் பழக்கத்தை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்காவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. மாத்தளையில் வருஷத்திலேயே பெரிய மழை பெய்வது அந்த மாதங்களில்தான். மாசி, பங்குனியில் சுவர் நன்றாகக் காய்ந்து நிற்கும்போது அதன் நினைப்பே ஒருவருக்கும் வராது. மழை பிடித்து, சுவர் ஊறி, மூலையெல்லாம் கறுத்த பிறகு ஓடிப்போய் வாளி வாளியாகப் பெயின்ட் வாங்கி, தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு விளக்கேற்றுவோம். அடுத்த வருஷமும் அதையே செய்வோம். பட்டம் வாங்கிய ஆசிரியை, பிள்ளைகளுக்கு மழை எப்படி வருகிறது என்று படம் போட்டுப் படிப்பிக்கிறவள், நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்தக் கடை வாசலைத் தவிர்த்து வீதியின் மறு ஓரமாகவே நடந்தேன். ஒரு நாள் அவரே வாசலுக்கு வந்து, வாகனச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். "டீச்சர்! ஒங்கட ஹோல் சுவருக்கு அந்தப் பக்கம் என்னா ஈக்கு?"

"குளியலறை!" என்று நானும் கத்தினேன். நடு வீதியில் போகிறவர்களுக்கெல்லாம் என் வீட்டு அமைப்புத் தெரிந்துபோனது.

"அப்ப பைப்பத் தோண்டிப் பாருங்க!"

தோண்டினோம். சுவருக்குள் ஓடிய குழாயின் பொருத்தில் சொட்டுச் சொட்டாக எத்தனை காலம் ஒழுகியதோ தெரியாது. அதை மாற்றி, மழை ஓய்ந்து, பங்குனி வெயிலில் சுவரைக் காயவிட்டு, பொலித்தீனை ஒட்டிப் பார்த்து, காய்ந்த பொலித்தீனைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாளியைத் தூக்கி மேசையில் வைத்தார். அந்தப் பெயின்ட் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அவருக்கு ஊரில் பொலித்தீன் நானா என்று பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், ஆனாலும் இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை எழுதக்கூடாத கடதாசியில் ஒரு தடவை எழுதிவிட்டார்கள், அது போதும். மெலிந்த ஆள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. நகக்கண்களில் என்றைக்கோ ஒட்டிய பெயின்ட் ஒருபோதும் போவதில்லை. பேச்சுக்கு நடுவில் நெஞ்சிலிருந்து சின்னதாக ஒரு விசில் சத்தம் வரும். அது வந்தால் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைப்பார். கல்யாண வீடானாலும் சரிதான், மையத்து வீடானாலும் சரிதான். வீட்டுக்காரர் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் கை சுவருக்குப் போய்விடும். அப்புறம் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்வார். அலுவிகாரையில் ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தகப்பனைத் தனியாக அழைத்துப்போய், "ஒங்கட கூரைத் தண்ணிப் பீலி அடைச்சி ஈக்கு, கிழக்குச் சுவர் முழுக்க ஊறுது" என்று சொன்னாராம். அந்த மனிதர் இதை எனக்குச் சொல்லும்போது பல்லைக் கடித்தார். "சோறு போடுற நேரத்துல பீலியப் பத்திப் பேசுறாரு டீச்சர்!" அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானாவே அந்த வீட்டுக்கு ஏணியோடு போய், பீலியில் மக்கிக் கிடந்த பலா இலைகளை அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தார் என்பதையும் அதே மனிதர்தான் சொன்னார். பல்லைக் கடித்தபடியேதான் சொன்னார்.

"பெயின்ட் மருந்து இல்ல டீச்சர், சட்டை. புண்ணுக்கு மேல சட்டை போட்டா புண்ணு ஆறுமா?" என்பார். இதை ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்வாரோ தெரியாது. கடை முதலாளிக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். தீபாவளிக் காலத்திலும் பெருநாள் காலத்திலும் முதலாளி அந்தப் பக்கம் வந்து நின்றுகொள்வார். அவர் நின்றால் இவர் கேள்வியை மெதுவாகக் கேட்பார், ஆனால் கேட்காமல் விடமாட்டார். முதலாளி அத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் நல்ல மனது ஒன்றுமில்லை. ஊரில் கட்டட வேலை, பெயின்ட் வேலை செய்கிற பாஸ்மார் எல்லாம் இவர் கையால்தான் சாமான் எடுப்பேன் என்று அந்தக் கடைக்கு வந்தார்கள்.

ஒரு தடவை நானே கேட்டேன். "ஒங்களுக்கு ஏன் நானா இந்தத் தொல்லை? கேக்குறத எடுத்துக் குடுத்துட்டுப் போகலாமே."

"நான் மொதல்ல பெயின்ட் பாஸ் வேல செஞ்ச ஆள்" என்றார். "இருவது வருஷம் செஞ்சன். பூஞ்சணம் புடிச்ச சுவத்துல சும்மா பூசிக் குடுத்தன். வாடகைக்கு ஆள் வர முந்தி மறச்சிக் குடுங்க எண்டு செல்வாங்க, மறச்சிக் குடுத்தன். வாற குடும்பம் புள்ளகுட்டியோட வரும். நான் வாளியக் கழுவிட்டுப் போயிருவன்." நெஞ்சில் விசில் வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டார். "இந்த டவுன்ல எந்தெந்த வீட்ட மறச்சன் எண்டு எனக்கி இப்பவும் தெரியும். அந்த ரோட்டுல போறப்ப தலயக் குனிஞ்சிட்டுப் போவன்."

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பெயருக்கு வக்காலத்து வாங்கத்தான் ஆள் வரும், சுவருக்கு வராது. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய கட்டடம். வெட்டிய மண்ணை வேறெங்கும் ஏற்றிப்போகச் சோம்பல்பட்டு, கட்டியவர்கள் அதைப் பின்சுவரோடு சாய்த்துக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். யன்னல் உயரத்துக்கு மண். தண்ணீர் ஓட ஒரு கான் கிடையாது. மலையில் பெய்கிற மழையெல்லாம் அந்த மண்ணுக்குள் இறங்கி, அங்கிருந்து சுவருக்குள் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் தரம் இரண்டு. என் வகுப்பு. இருபத்தெட்டுப் பிள்ளைகள்.

மழைக்காலத்தில் அந்த அறைக்குள் நுழைந்தால் நனைந்த சாக்கு மணக்கும். சுவரில் ஒட்டிய எழுத்து அட்டைகள் ஒரு கிழமையில் புள்ளி புள்ளியாகக் கறுத்துவிடும். பிள்ளைகள் இருமுவார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு. தாய் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். மூச்சுக்கு அடிக்கிற பம்ப்பைச் சின்னத் துணிப் பையில் போட்டு மகளின் கழுத்தில் மாட்டி அனுப்புவாள். நான் அந்தப் பிள்ளையை முன்வரிசைக்கு மாற்றினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. முன்வரிசையும் அதே அறைதான்.

அந்த வருஷம் எங்களுக்கு ஸ்மார்ட் வகுப்பறை கிடைத்தது. பெரிய திரையை மாட்ட மேலிடம் தெரிவு செய்தது என் வகுப்பின் பின்சுவரை. திறந்து வைக்கப் பிரதம அதிதி வெள்ளிக்கிழமை வருவார் என்று திங்கட்கிழமை காலையில் எங்கள் பள்ளிக்கூட அதிபருக்குச் செய்தி வந்தது. ஐப்பசி மாதம், வானம் உடைந்து கொட்டுகிறது. அதிபர் என்னைக் கூப்பிட்டார். சாமான் வாங்க வைத்த கொள்வனவுக் குழுவில் நானும் ஓர் ஆள். "டீச்சர், டவுனுக்குப் போய் அந்தச் சுவத்துக்குப் பெயின்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். பள்ளிக்கூடத்துக்குச் சாமான் கொடுக்கும் கடை எதுவென்று பார்த்தால், அதே கடை.

போனேன். அவர் கேட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, பகல் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு பஸ் ஏறி வந்தார். வகுப்புக்குள் வந்ததும் கையைச் சுவரில் வைத்தார். எடுக்க வெகு நேரமாயிற்று. பிறகு திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். கழுத்தில் பம்ப் மாட்டியிருந்த பிள்ளையைப் பார்த்தார். ஐந்து பொலித்தீன் துண்டுகளைச் சுவரில் ஒட்டிவிட்டு, "புதன்கிழம வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை ஐந்திலும் உள்பக்கம் தண்ணீர் ஓடியது. முத்து முத்தாகக்கூட இல்லை, கோடு கோடாக இறங்கியது. அதிபரை அழைத்துவந்து காட்டினார்.

"சேர், இது பெயின்ட் வேல இல்ல. மண்வெட்டி வேல. பின்னால மண்ண எடுத்து, கான் வெட்டி, ரெண்டு மூணு மாசம் சுவரக் காய விடுங்க. அது வரைக்கும் புள்ளைகள ஸ்கூல் ஹோல்ல வச்சிப் படிப்பிங்க. பூஞ்சணத்தக் காஞ்சபடி சுரண்ட மட்டும் விட்ராதீங்க. தூளாப் பறந்து புள்ளைகட நெஞ்சில போய் ஒக்காரும். நனச்சி, மூக்குக்குத் துணி கட்டித்தான் எடுக்கணும், புள்ளைகள் இல்லாத நேரம்."

"எல்லாம் சரிங்க நானா. வெள்ளிக்கிழமை பிரதம அதிதி வாறாரு. அவரு முன்னால இந்தச் சுவத்த எப்படிங்க காட்டுறது?"

"காட்டுங்க சேர். காட்டினாத்தானே மண்ண எடுக்க வழி பண்ணுவாங்க."

அதிபர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பிள்ளைகளின் காலுக்குச் சப்பாத்து இல்லையென்றால் தன் கைக்காசில் வாங்கிக் கொடுக்கிற மனிதர், மேலே இருப்பவர் முகம் சுளிப்பாரோ என்ற பயம் வந்ததும் இருபத்தெட்டு நெஞ்சுகளை மறந்துபோனார். அறைக்குப் போய்க் கடை முதலாளிக்குப் போன் செய்தார். வியாழக்கிழமை காலையில் பெயின்ட் வந்து இறங்கியது. கூட வந்தவர் வேறு ஆள். நானா எங்கே என்று கேட்டேன். "அவர நேத்தே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க மிஸ்" என்றார்.

"டீச்சர், அந்தப் பொலித்தீனக் கழட்டிருங்க" என்றார் அதிபர்.

கழற்றினேன். வேறு யாரும் இல்லை, நான்தான். உள்ளே நின்ற தண்ணீர் என் முழங்கை வரை வழிந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். வேலைக்கு வந்தவர்கள் இரும்புத் தகட்டால் பூஞ்சணத்தைக் காய்ந்தபடியே சுரண்டினார்கள். கறுப்புத் தூள் யன்னல் வழியாக வராந்தாவுக்கு வந்தது. வராந்தாவில்தான் என் பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்ல வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பிரதம அதிதி வந்தார், மங்கள விளக்கேற்றினார், ஒளிமயமான எதிர்காலம் என்று பேசினார். எல்லோரும் கை தட்டினோம்.

இரண்டு மாதம் போகவில்லை. திரையின் நாலு ஓரமும் பெயின்ட் உப்பி உரிந்தது. பம்ப் மாட்டிய பிள்ளையை ஒரு நாள் வகுப்பிலிருந்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உதடு நீலமாகிவிட்டது. முச்சக்கரவண்டியில் என் மடியில்தான் இருந்தது. பிழைத்துக்கொண்டது. அதன் பிறகு தாய் அந்தப் பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். இதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. ஒரு கடிதம் வரவில்லை. ஒரு போன் வரவில்லை.

அடுத்த மாதம் ஈரம் ஏறித் திரை பழுதானது. உடனே விசாரணைக் குழு வந்துவிட்டது!

பிள்ளையின் நெஞ்சுக்கு வராத குழு, திரைக்கு வந்தது. வாகனத்தில் வந்தார்கள், சுவரைப் படம் எடுத்தார்கள், கட்டடத்தின் பின்பக்கம் ஒருவரும் போகவில்லை. செருப்பில் சேறு ஒட்டும் அல்லவா. தரமற்ற பெயின்ட் விநியோகிக்கப்பட்டதால் சுவர் பழுதடைந்து திரைக்குச் சேதம் ஏற்பட்டது என்று அறிக்கை எழுதினார்கள். கடை முதலாளி தன் கடையைக் காப்பாற்றிக்கொள்ள, பெயின்ட் பகுதியில் நின்ற ஆள் பிழையான சாமானைக் கொடுத்துவிட்டான், அவனை அப்போதே நிறுத்திவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். பெயரும் முகவரியும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். விற்க மாட்டேன் என்று நின்ற மனிதர், விற்ற குற்றத்துக்கு ஆளானார். வேலையிலிருந்து நிறுத்தியதே குற்றத்துக்குச் சாட்சியாகவும் ஆனது.

அறிக்கையில் கொள்வனவுக் குழுவின் மூன்று பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். நான் பேனாவை எடுக்காமல் இருந்ததைப் பார்த்து, வந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தபடி, "ரத்தோட்டைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல டீச்சர் இல்லையாம், தெரியுமா மிஸ்? பஸ் காலையில ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு" என்றார். எனக்கு வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. கையெழுத்து வைத்தேன். மூன்றில் இரண்டாவது என்னுடையது. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு டீச்சர் போகத்தானே வேண்டும், போனால்தான் என்ன என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டு கிழமை போனது. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். உக்குவளை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். வீட்டுச் சுவர்களுக்குப் பெயின்டே அடிக்கவில்லை, வெறும் சீமெந்துப் பூச்சு. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"காஞ்சிதான் ஈக்கு. இனி அடிக்கத்தான் ஈந்தன்" என்றார். அவருடைய மனைவி பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

"கடதாசியில என்னா எழுதி ஈந்திச்சி?"

"பெயின்ட் தரமில்லன்னு எழுதியிருந்திச்சி நானா."

அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. வேலை போனதற்குக்கூட அப்படிக் கோபப்பட்டிருக்க மாட்டார். "பெயின்ட் தரமில்லயாமா? ஆரு செல்ற? அது மொதல் தரச் சாமான் டீச்சர்! ஒங்கட வீட்டு ஹோலுக்குத் தந்ததும் அதுதானே? அந்தப் பெயின்ட்டுல ஒரு குத்தமும் இல்ல!" நெஞ்சு விசிலடித்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மண்ண எடுத்தாங்களா?"

"இல்ல நானா."

"புள்ளைகள்?"

"அங்கதான் இருக்காங்க."

தூணை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இருவது வருஷம் மறச்சிக் குடுத்தன் டீச்சர். அதுக்கு ஒருத்தரும் என்னய வேலய விட்டு எடுக்கல்ல. காட்டினதுக்குத்தான் எடுத்தாங்க."

உள்ளே போய், வெட்டிய பொலித்தீன் கட்டு ஒன்றையும் முழு டேப் சுருள் ஒன்றையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "நான் ஒட்டினா விசர் புடிச்சவன் எண்டு செல்வாங்க. நீங்க டீச்சர். நீங்க ஒட்டுங்க." மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கும் நிலையில் இல்லை.

பள்ளிக்கூடத்தை மேற்பார்வையிட அடுத்த குழு வந்த அன்று காலையில், இரண்டு நாளைக்கு முன்பே நான் ஒட்டி வைத்த ஒன்பது பொலித்தீனும் அந்தச் சுவரில் இருந்தன. அதிபர் கழற்றச் சொன்னார். "மாட்டேங்க சேர்" என்றேன். பதினெட்டு வருஷ வேலையில் நான் சொன்ன முதல் மாட்டேன். குழுவின் தலைவர் உள்ளே வந்து, "இது என்ன டீச்சர்?" என்று கேட்டார்.

"சுவர் காஞ்சிருக்கான்னு பாக்குறோம் சேர்" என்றேன். ஒன்றைப் பாதி உரித்து அவர் கையில் கொடுத்தேன். தண்ணீர் அவருடைய சட்டைக் கைக்குள் ஓடியது. அவர் கைக்குட்டையை எடுத்தார். பின்வரிசையில் ஒரு பிள்ளை இருமியது. அவர் இருபத்தெட்டில் மிச்சமிருந்த இருபத்தேழு பிள்ளைகளையும் ஒரு தடவை பார்த்தார்.

அன்றைக்கே பிள்ளைகளைப் பள்ளிக்கூட ஹோலுக்கு மாற்றினார்கள். மண்ணை மேலிடம் எடுக்கவில்லை. பெற்றோர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்து எடுத்தார்கள். பம்ப் மாட்டிய பிள்ளையின் தாயும் மண்வெட்டியோடு வந்தாள். "ஒங்க புள்ள இங்க இல்லையேம்மா" என்றேன். "மத்த புள்ளைங்க இருக்குதுங்கதானே டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். கான் வெட்டினோம். பங்குனி முடிய ஒரு பொலித்தீன் ஒட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது.

அந்தப் பொலித்தீனை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. நானாவும் மனைவியும் மகள் வீட்டுக்குக் குருநாகல் பக்கம் போய்விட்டார்களாம், போன் நம்பர் தெரியாதாம். மாத்தளையில் எந்தக் கடையும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பிழையான சாமான் கொடுத்த ஆள் என்று பேச்சுப் பரவியிருந்தது.

என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். நேரில் போனேன். கோப்பு முடிந்துவிட்டது, முடிந்த கோப்பில் ஒன்றும் சேர்க்க முடியாது என்றார்கள். அந்த அலுவலகச் சுவரிலும் மூலையில் கறுத்திருந்தது. அதற்கு மேல் புதிதாகப் பெயின்ட் அடிக்க வர்ண அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் நடந்து ஏழு வருஷமாகிறது. திரையைக் கெடுத்தது அவர் கொடுத்த பெயின்ட் என்று அந்தக் கோப்பில் இன்றைக்கும் இருக்கிறது.

அதில் சேர்க்க விடவில்லை, ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். அந்தப் பெயின்ட்டில் ஒரு குற்றமும் இல்லை. அதை அவர் விற்கவும் இல்லை. சுவர் நனைந்திருந்தது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பொலித்தீனைக் கழற்றியவள் நான்.